நவம்பரில் குதிரையில் ட்ராக் ஹன்ட், உடம்பைத் தேற்ற நாலு மாசம் போதுமா?

மாட்டு டாக்டர், அஸ்தம்பட்டி

எல்லோருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவன், வயது 45, எடை 86 கிலோ. வேப்பேரியில் படித்தபோது என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தேன். விடிகாலையில் லாயம், அப்புறம் சவாரி, அப்புறம்தான் வகுப்பு. படிப்பு முடிந்ததும் அதுவும் முடிந்தது. இப்போது குதிரைக்குப் பக்கத்தில் போவதென்றால், வயிற்றுவலி என்று யாராவது கூப்பிட்டு மூக்கு வழியாகக் குழாய் விடப் போவதுதான்.

கூடப் படித்தவன் ஒருவன் தென் இங்கிலாந்தில் செட்டிலாகிவிட்டான். நவம்பர் முதல் சனி, ஞாயிறு எங்கள் பழைய கோஷ்டியை அங்கே வரச் சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை ஹன்ட், ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாதையில் நிதானமாக ஒரு சவாரி. குதிரை வாடகைக்கு. கோஷ்டியில் இரண்டு பேர் பெங்களூரில் இன்னும் விடாமல் சவாரி செய்கிறார்கள். ஒருத்தி சென்னையில் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கிறாள். தொந்தி எனக்கு மட்டும்தான்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கு மார்வாரிக் குதிரை வைத்திருப்பவர் ஒருவர் என்னிடம் வைத்தியத்துக்கு வருவார். அவரிடம் கேட்டு அரை மணி நேரம் ஏறிப் பார்த்தேன். சவாரி என்னவோ சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் உள்தொடை இரண்டும் இறுகிப்போய், மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினேன். கம்பவுண்டர் சிரிப்பை அடக்க மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

கேட்க வந்தது இதுதான். இப்போது ஆனி மாதம். அக்டோபர் கடைசிக்குள் நாள் முழுக்கக் குதிரை மேல் இருக்கிற அளவுக்கு உடம்பு தேறுமா? சேலம், ஏற்காடு வட்டாரத்தில் எங்கே, எப்படிப் பழகலாம்? ஜிம்மில் கேட்டால் கனமான எடை தூக்கி ஸ்குவாட் போடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். அதை நம்பலாமா?

அஞ்சு ரோடு புல்லட்

டாக்டர் சார், பெட்ரோல் விற்கிற விலைக்கு நல்ல முடிவு. குதிரைக்கு கிளட்ச் கிடையாது, அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

வாழப்பாடியான்

டாக்டர், ஒரு சந்தேகம். ஹன்ட் என்றால் நரிவேட்டைதானே? எங்கள் பக்கத்து ஊர்களில் காணும் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து, மாலை போட்டு, மாரியம்மன் கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய், காலில் கயிறு கட்டி ஓடவிட்டு, அப்புறம் காட்டிலேயே விட்டுவிடுவது தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கம். நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று தாத்தா காலத்து நம்பிக்கை. 1972 வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி வனத்துறை அபராதம் போடுகிறது. சட்டம் சரிதான், நானும் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் வெள்ளைக்காரன் நாற்பது நாயை விட்டு நரியைத் துரத்தினால் அது ஸ்போர்ட்ஸ், நம்ம ஊர்க்காரன் பிடித்துவிட்டால் குற்றம் என்பது எந்த ஊர் நியாயம்?

மாட்டு டாக்டர், அஸ்தம்பட்டி

அண்ணா, இதில் நரியே கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்து நரி வேட்டையாடுவதை 2004 சட்டம் தடை செய்துவிட்டது, 2005 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. நாங்கள் போவது ட்ராக் ஹன்ட். வாசனை ஏற்றிய துணியைக் கயிற்றில் கட்டி, ஒருவர் முன்னாலேயே வயல் வழியாக இழுத்துக்கொண்டு ஓடிவிடுவார். பெரும்பாலும் சோம்பு எண்ணெய் வாசனை. ஹவுண்டு நாய்கள் அந்தத் தடத்தை மோப்பம் பிடித்து ஓடும், பின்னால் குதிரைகள். முடிவில் நாய்களுக்கு ஏதாவது தின்னக் கொடுப்பார்கள். நரி இருந்தால் நானே போக மாட்டேன். வங்காநரிக்குக் கால் கட்டு அவிழ்த்து மருந்து போட்டவன் நான்.

வாழப்பாடியான்

சோம்பா! அப்போது சரி. போய்விட்டு வாருங்கள்.

மஞ்சக்குட்டை ரிசால்தார்

டாக்டர் தம்பி, வணக்கம். ராணுவத்தில் ரிமவுன்ட் வெட்டரினரி கோரில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இப்போது ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேற்பார்வை. முதலாளி ஆசைக்கு வளர்க்கும் இரண்டு குதிரைகளும் என் பொறுப்புதான்.

முதலில் அந்தக் கல்யாணக் குதிரையை விடுங்கள். அதன் மேல் தப்பில்லை. மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் ரேவால் என்று ஒரு நடை உண்டு. குலுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், மேலே இருப்பவர் காபியைச் சிந்தாமல் குடிக்கலாம். அதனால்தான் உங்களுக்குச் சுகமாக இருந்தது. அங்கே வாடகைக்குக் கிடைப்பது பதினாறு பிடி உயரக் குதிரை, அதாவது தோள்பட்டையே அஞ்சடி நாலு அங்குலம். அது ட்ராட்டில், அதாவது துள்ளோட்டத்தில், ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தார் ரோட்டில் போவதெல்லாம் ட்ராட்டில்தான். தாளத்தோடு எழுந்து எழுந்து உட்காரும் பழக்கம் உடம்பில் இல்லையென்றால், தாண்ட வேண்டிய முதல் வேலியைப் பார்ப்பதற்குள் பாதி சக்தி தீர்ந்துவிடும். ரேவால் குதிரையில் எத்தனை நாள் சுற்றினாலும் இது வராது.

ட்ராக் ஹன்டில் இன்னொன்று. அந்தக் காலத்து நரிவேட்டையில் பாதி நேரம் ஒரு புதர்க்காட்டு ஓரமாக நின்றுகொண்டு, நாய்கள் கிளப்பட்டும் என்று காத்திருப்பார்கள். குளிரில் விறைப்பதுதான் பெரிய வேலை. ட்ராக்கில் தடம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, நாய்கள் உடனே பிடித்துக்கொள்ளும். லைன், அதாவது ஒரு தடம், தொடங்கினால் கேலப் என்கிற முழுவேகப் பாய்ச்சல், வேலி, மறுபடி கேலப், மறுபடி வேலி. ஒரு லைன் முடிந்ததும் குதிரைகளும் நாய்களும் மூச்சு வாங்க நிற்பார்கள், அப்புறம் அடுத்த லைன். ஆகவே சும்மா உட்கார்ந்து பழகிய உடம்பு உதவாது. சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் எழுந்து நின்றபடியே சில மைல் தாக்குப்பிடிக்க வேண்டும், நின்றதும் மூச்சு சீக்கிரம் அடங்க வேண்டும்.

தொடை வலிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். தொடை வலிப்பது உங்கள் பாடு. எனக்குக் கவலை குதிரையைப் பற்றி. களைத்துப்போன சவாரிக்காரர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? நிற்க முடியாமல் பொத்தென்று சேணத்தில் விழுவார். விழுந்த வேகத்தில் சரியாமல் இருக்கக் கடிவாளத்தில் தொங்குவார். ஒவ்வொரு தாண்டலுக்கும் குதிரைக்கு முதுகில் ஒரு அடி, வாயில் ஒரு இழுப்பு. கடைசி லைனில் அது வேலிக்கு முன்னால் நின்றுவிட்டால், குதிரை சரியில்லை, திமிர் பிடித்தது என்று ஏசுவார்கள். காலையிலிருந்து வாயை இழுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் குதிரைதான் தாண்டும்? நீங்கள் வைத்தியர், கடைவாய் கிழிந்த குதிரையைப் பார்த்திருப்பீர்கள். ஊரான் குதிரை மேல் ஏறப்போகிறவர் தன் எடையைத் தானே சுமக்கிற அளவுக்காவது தேறிவிட்டு ஏற வேண்டும். என்னிடம் படித்த பையன்களுக்கு நான் வைத்த சட்டம் இது.

பழகும் விதம் சொல்கிறேன். அங்கவடியை வழக்கத்தைவிட இரண்டு துளை ஏற்றிக் கட்டுங்கள். குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு பழைய தோல் வாரைத் தளர்வாகக் கட்டி, இரண்டு விரலை அதில் மாட்டிக்கொள்ளுங்கள். தடுமாறினால் இழுபடுவது வாராக இருக்கும், வாய் தப்பிக்கும். இப்போது எழுந்து நில்லுங்கள். நெட்டுக்குத்தாக வேண்டாம், இடுப்பைப் பின்னால் மடித்து, மார்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து. முட்டியால் சேணத்தைக் கவ்வக் கூடாது. கவ்வினால் பிடி அங்கேயே நின்றுவிடும், பாதம் ஆடும், அடுத்த குலுக்கலில் முன்னால் கவிழ்வீர்கள். எடை முட்டி வழியாக வழிந்து குதிங்காலில் இறங்க வேண்டும். கணுக்கால்தான் அதிர்வை வாங்குகிறது. சரியாக நின்றால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், தொடை அவ்வளவாக வலிக்காது. தொடை எரிகிறதென்றால் முட்டியால் கவ்வுகிறீர்கள் என்று அர்த்தம்.

முதலில் நடையில். அப்புறம் சிறு ஏற்றத்தில் ட்ராட்டில். ஏற்றத்தில் குதிரை தானே முன்னால் சாய்ந்து ஏறும், நீங்கள் பிடரியைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். அதனால்தான் மைதானத்தைவிட மலை நல்லது என்பேன். எஸ்டேட்டுக்குள் சில்வர் ஓக் வரிசைக்கு நடுவே போகும் ஜீப் பாதைகள் இதற்கென்றே போட்டது போல இருக்கும். இறக்கத்தில் எப்போதும் நடைதான், முதுகு நேராக.

தேறிவிட்டீர்களா என்று பார்க்க என்னிடம் ஒரு பரீட்சை உண்டு. ட்ராட்டில் அங்கவடியில் நின்றபடியே, கடிவாளத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். கழற்றுவதை எல்லோரும் செய்துவிடுவார்கள். மாட்டும்போதுதான் தெரியும்.

கோட்டச்சேடு பக்கம் காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது. விடிந்து வெளிச்சம் வராமல் குதிரையை வெளியே எடுக்கவே மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டைச் சுற்றிவரும் லூப் ரோட்டில் குதிரையோடு போகலாமா என்று கேட்காதீர்கள். சனி, ஞாயிறு வருகிற கார்க்காரர்களை நம்பி நான் ஆடு கூட ஓட்ட மாட்டேன்.

குகை பிசியோ

ரிசால்தார் ஐயா சொன்னதைப் படித்ததும் என் வேலை பாதி குறைந்துவிட்டது. டாக்டர் சார், ஜிம்காரர் சொன்ன ஸ்குவாட் கெட்டதில்லை, ஆனால் அது எழுந்து உட்காரும் பலம். உங்களுக்கு வேண்டியது பாதி மடங்கிய முட்டியில் அசையாமல் நிற்கும் பலம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் இருப்பது போல உட்காருங்கள். கால் நடுங்க ஆரம்பித்ததும் எழுந்துவிடலாம். ஒரு வாரம் கழித்து நடுக்கம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பாருங்கள். கூடவே, முட்டிகளுக்கு நடுவில் ஒரு கால்பந்தை வைத்து அழுத்தி விடுங்கள், உள்தொடைக்கு. குப்புறப்படுத்து முழங்கை ஊன்றும் பிளாங்க், முதுகுக்கும் வயிற்றுக்கும்.

கணுக்காலுக்குப் படிக்கட்டு விளிம்பு போதும். முன்பாதம் மட்டும் படியில், குதிங்காலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். பல் தேய்க்கும்போது செய்யலாம்.

மூச்சுக்கு, அம்மாப்பேட்டை குமரகிரி படிகள் இருக்கவே இருக்கின்றன. ஏறும்போது வேகமாக, இறங்கும்போது ரொம்ப நிதானமாக. இறங்கும்போதுதான் தொடைத்தசை பிரேக் போட்டுப் பழகுகிறது, மறுநாள் வலியும் அதனால்தான். புதிய வேலையின் வலி உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். அதனால் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் புதிதாக எதையும் முயற்சி செய்யாதீர்கள். விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கிவிடும். வெள்ளிக்கிழமை இறங்கி சனிக்கிழமை குதிரை ஏறுகிற திட்டமாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை, பிரஷர் உண்டா? 45 வயதில் திடீரென்று இப்படி ஒரு உழைப்பு என்றால் ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஃபேர்லேண்ட்ஸ் அக்கா

வீட்டுக்காரர் லண்டனில் வேலையில் இருந்தபோது நான் அங்கே சில ட்ராக் ஹன்டுக்குப் போயிருக்கிறேன். உடம்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், மீதியைச் சொல்கிறேன்.

வாடகைக் குதிரை தருபவர் உங்கள் உயரம், எடை, அனுபவம் கேட்பார். எடையை ஸ்டோனில் சொல்ல வேண்டும், ஒரு ஸ்டோன் 6.35 கிலோ. உங்கள் 86 கிலோ பதின்மூன்றரை ஸ்டோன். பூட்ஸ், கோட்டு, ஹெல்மெட் எல்லாம் சேர்த்தால் பதினாலைத் தொடும். உள்ளதை அப்படியே சொல்லுங்கள், அதற்கு ஏற்ற குதிரையைத் தேடித் தருவார்கள். அனுபவத்தையும் அப்படியே. கல்லூரிக் காலத்துப் பெருமையைச் சொன்னால் அதற்குத் தகுந்த துடிப்பான குதிரையை நிறுத்திவிடுவார்கள்! தாண்டாமல் சுற்றிப்போகும் ஆட்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் இருக்கிறதா என்று உங்கள் நண்பரை விட்டுக் கேளுங்கள். எந்த வேலியையும் தாண்டாமல் அன்றைக்கு முழுக்க சந்தோஷமாகச் சுற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெல்மெட் குதிரைச் சவாரிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், பைக் ஹெல்மெட் ஆகாது. அடி வாங்கிய ஹெல்மெட்டை யாரிடமும் இரவல் வாங்காதீர்கள். தோல் கையுறை மழையில் வழுக்கும், நூல் கையுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். தொடையின் உள்பக்கம் தையல் வருகிற உள்ளாடை போட்டால் மத்தியானத்துக்குள் தோல் உரிந்துவிடும். தையல் இல்லாததாகப் பார்த்து வாங்கி, கிளம்புமுன் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள்.

வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிய குதிரை உதைக்கும், பின்னால் நெருங்காதீர்கள். பச்சை ரிப்பன் என்றால் இளங்குதிரை. ஹவுண்டுகள் உங்களைத் தாண்டிப் போகும்போது குதிரையின் முகம் அவற்றின் பக்கம் இருக்கட்டும், பின்னங்கால் இருக்கக் கூடாது. ஒரு ஹவுண்டை உங்கள் குதிரை உதைத்துவிட்டால் அன்றைக்கு யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

ஆரம்பத்தில் தட்டில் போர்ட் ஒயின் கொண்டுவருவார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சிரியுங்கள், அது போதும்.

பயணக் காப்பீட்டை வரி வரியாகப் படியுங்கள். குதிரைச் சவாரி உண்டு என்று போட்டிருக்கும், கீழே பொடி எழுத்தில் ஹன்டிங்கும் தாண்டலும் சேராது என்றிருக்கும். தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டு டாக்டர், அஸ்தம்பட்டி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பிசியோ மேடம், சர்க்கரை உண்டு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுகிறேன். பிரஷர் இல்லை. டிரெட்மில் டெஸ்டுக்கு நாள் வாங்கிவிட்டேன்.

ரிசால்தார் ஐயா, கடைவாய் கிழிந்த குதிரை என்று எழுதியதைப் படித்ததும் ஸ்குவாட், எடை எல்லாம் மறந்துபோச்சு. மாதம் ஒன்றாவது அப்படி வருகிறது. இழுத்தவர் யாரும் இழுத்தேன் என்று சொன்னதில்லை. உங்கள் முதலாளி சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே வரலாமா? கட்டணம் எவ்வளவோ கொடுத்துவிடுகிறேன். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை இருக்கிறது.

குகை பிசியோ

கிளிமிபிரைடு என்றால் கவனம் தேவை சார். பல மணி நேர உழைப்பில் சர்க்கரை சட்டென்று இறங்கும். குளிரில் நடுங்குகிறோமா, சர்க்கரை இறங்கி நடுங்குகிறோமா என்று உங்களுக்கே பிரித்துத் தெரியாது. சவாரி நாளில் மாத்திரையை எப்படிப் போடுவது என்று உங்கள் சர்க்கரை டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். மாட்டு டாக்டர் தனக்குத்தானே முடிவெடுக்க வேண்டாம். கோட்டுப் பையில் குளுக்கோஸ் மாத்திரை, கையுறையோடு பிரிக்க முடிகிற பொட்டலமாக இருக்கட்டும். கூட வரும் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். இங்கே ஏற்காட்டில் பழகும் நாட்களிலேயே சவாரிக்கு முன்னும் பின்னும் பார்த்துக் குறித்துவைத்தால், அங்கே போய்ப் பயப்பட வேண்டியிருக்காது.

மஞ்சக்குட்டை ரிசால்தார்

தம்பி, அந்தியூர்ச் சந்தைக்குப் போய் வேடிக்கை பாருங்கள், மிட்டாய் வாங்குங்கள், குதிரை வாங்காதீர்கள். நாலு மாதத்துக்காக வாங்கினால் ஐப்பசிக்கு அப்புறம் அது தொழுவத்தில் நின்று வயிறு உப்பிக்கொண்டிருக்கும், அதற்கும் நீங்களே குழாய் விட வேண்டியிருக்கும்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். பணம் வேண்டாம் என்கிறார். இரண்டு குதிரைக்கும் பல் ராவ வேண்டியிருக்கிறது, பெரியதற்கு முன்கால் குளம்பில் ஒரு விரிசல். அதைப் பார்த்துக்கொடுத்தால் போதுமாம். பெரியது பதினைந்தரை பிடி, பழைய பந்தயக் குதிரை, ட்ராட்டில் நன்றாகத் தூக்கிப் போடும். உங்களுக்கு அதுதான்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடி முழுக்க நடையும் ட்ராட்டும். ஆவணியில் கேன்டர், அதாவது மிதமான பாய்ச்சல். புரட்டாசியில் கீழே கிடக்கும் சில்வர் ஓக் மரத்துண்டுகளைத் தாண்டலாம், முட்டி உயரத்துக்கு மேல் போக மாட்டேன். ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும், செம்மண் பாதை வழுக்கும், அதற்குள் உங்கள் உடம்பு தயாராக இருக்க வேண்டும். வாரம் ஒரு நாள் குதிரை போதாதுதான், மற்ற நாளுக்குப் பிசியோ அம்மா சொன்ன படிக்கட்டு இருக்கிறது. எடையில் அஞ்சு கிலோ குறைந்தால் குதிரை உங்களுக்கு நன்றி சொல்லும். ராத்திரி பரோட்டாவை நிறுத்தினாலே பாதி குறைந்துவிடும்.

தரையிலிருந்து ஏறுவதையும் பழக வேண்டும். பெஞ்சு போட்டு ஏறுவது இங்கே. அங்கே நடு வயலில் கேட்டைத் திறக்க இறங்கினால் பெஞ்சு வராது.

ஞாயிற்றுக்கிழமை குப்பனூர் வழியாக வாருங்கள். அந்தப் பக்கம் கூட்டம் குறைவு. மற்றப் பாதையில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி வந்தால் குதிரை ஏறுவதற்கு முன்னாலேயே தலை சுற்றும். ஆறரைக்கு வந்துவிட்டால் நல்லது. ஜீன்ஸ் வேண்டாம். பல் ராவும் அரத்தை மறக்காமல் எடுத்து வாருங்கள், இங்கே இருப்பது மழுங்கிவிட்டது.

மாட்டு டாக்டர், அஸ்தம்பட்டி

அரம், வாய் திறப்பான், குளம்புக் கத்தி மூன்றும் வண்டியில் ஏற்றியாச்சு ஐயா. ஞாயிறு ஆறரைக்கு இருப்பேன்.

அஞ்சு ரோடு புல்லட்

சார், நானும் பின்னாலேயே புல்லட்டில் வரட்டுமா? ஏறுவதற்கு இல்லை, அந்தப் பொத்தான் பரீட்சையை வீடியோ எடுக்க.

மஞ்சக்குட்டை ரிசால்தார்

வரலாம். புல்லட்டைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். அந்தச் சத்தம் பெரியதற்கு ஆகாது.